கோமாளி மீனுக்கு எத்தனை அடித் தொட்டி

ஒரு காட்டில் ஒரு கரடிக்கு ரத்த அழுத்தம் வந்தது.

கரடியின் பெயர் வீரணன். காட்டின் மேற்குச் சரிவில், எந்த மழையும் நுழையாத ஒரு குகை அவனுக்கு இருந்தது. அவன் பெண்டாட்டி ஒச்சம்மா மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். குட்டியை எந்த மூலையில் போடுவது, காற்று வருகிற மேல்பொந்தை எதை வைத்து அடைப்பது என்று யோசித்து யோசித்தே அவனுக்கு மண்டை சூடேறிவிட்டது. மற்ற கரடிகள் மரத்தை உலுக்கினால் தேன் விழும். வீரணன் உலுக்கியதில் மரமே விழுந்தது.

டாக்டர் கருமந்தி அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

"மாத்திரை வேண்டாம். வீட்டில் ஒரு மீன் வளருங்க. அது நீந்துறதைத் தினமும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு உட்காருங்க. தானா இறங்கிடும்."

கரடிகளில் வீரணனின் வகையறாவுக்குக் கறையானும் தேனும்தான் சாப்பாடு. அதனால் மீன் வளர்ப்பதில் தர்மசங்கடம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனான்.

காட்டில் மீனும் தொட்டியும் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியது தவசி என்கிற கொக்கு. டோக்கன் வாங்கி, படிவம் எழுதிக் கொடுத்து, வரிசையில் நிற்க வேண்டும். வீரணனுக்கு முன்னால் ஒரு நீர்நாய் நின்றது.

"நீங்களும் வளர்க்கத்தானா?" என்று கேட்டான் வீரணன்.

"அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றது நீர்நாய், உதட்டை நக்கிக்கொண்டே. உள்ளே போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தது. தவசி விற்க மறுத்துவிட்டானாம்.

கடைக்குள் எத்தனையோ மீன்கள் இருந்தன. வீரணனின் கண் ஒன்றில்தான் போய் நின்றது. ஆரஞ்சு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, விரல் நீளம். தூத்துக்குடிப் பக்கத்துக் கோமாளி மீன். பெயர் சூசை.

"அண்ணே, இவன் கடல் மீன்" என்றான் தவசி. "நாலடித் தொட்டிக்குக் குறைஞ்சு வைக்கக் கூடாது."

"விரல் நீளப் பயலுக்கு நாலடியா?"

"மீனோட நீளத்தைப் பார்க்காதீங்க. தண்ணியோட அளவைப் பாருங்க. தண்ணி கொஞ்சமா இருந்தா வெயில் பட்டதும் சூடாகும். நாலு சொட்டு ஆவியாப் போனாலே உப்பு ஏறிடும். நிறைய இருந்தா எதுவும் சட்டுனு மாறாது. நிதானமா இருக்கும்."

தவசி ஒற்றைக்காலில் நின்றான். கொக்கு என்பதால் வேறு வழியும் இல்லை. ஆனாலும் வீரணன், அலமாரியில் அடங்குகிற மாதிரி ஒன்றரை அடித் தொட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிவிட்டான். தவசி பெருமூச்சுவிட்டு, உப்பு பார்க்கிற கருவி ஒன்றை இலவசமாகக் கொடுத்தான். உப்பு கூடினால் அது கத்தும்.

ஒச்சம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "மீனைத் திங்குறவன்கிட்டயா போய் மீனுக்கு வீடு கேட்டே? அவன் என்னமோ திட்டம் போடுறான்யா."

முதல் நாள் மத்தியானமே கருவி கத்தியது. வீரணன் ஓடிப்போய் நல்ல தண்ணீர் ஊற்றினான். உப்பு குறைந்துபோய் அதற்கும் கத்தியது. உப்பு போட்டான். மறுபடியும் கத்தியது. கருவி கத்தும்போதெல்லாம் வீரணனின் அழுத்தமும் கூடவே ஏறியது.

சூசை மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவால்ல அண்ணாச்சி. நான் இப்படியே கெடந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அந்தச் சும்மாவைத்தான் வீரணனால் தாங்க முடியவில்லை.

நாலடித் தொட்டி வந்தது. அலமாரி போயிற்று. கருவி கத்துவது குறைந்தது. கொக்கு சொன்னது உண்மைதான் என்று வீரணனுக்குப் புரிந்தது. நாலடிக்கே இவ்வளவு நிம்மதி என்றால் ஆறடிக்கு எவ்வளவு இருக்கும் என்று தவசியிடம் கேட்டான்.

"நாலடியே போதும்ணே. ஆனா பெருசு நல்லதான்னு கேட்டா, பெருசு நல்லதுதான். பொய் சொல்ல மாட்டேன்" என்றான் தவசி.

ஆறடி வந்தது. படுக்கிற இடம் போயிற்று. எட்டடி வந்தபோது, குட்டிக்கென்று பஞ்சும் சருகும் பரப்பி வைத்திருந்த மூலை போயிற்று. ஒச்சம்மா அந்தச் சருகை அள்ளி வெளியே பாறைமேல் போட்டுக்கொண்டு படுத்தாள். வீரணனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அத்தனை தண்ணீரிலும் சூசை தவசி கூடவே கொடுத்திருந்த கடல் சாமந்தி என்கிற பூ மாதிரியான உயிரியின் மடியைவிட்டு நகரவில்லை. ஒரு சாண் அந்தப் பக்கம், ஒரு சாண் இந்தப் பக்கம், அவ்வளவுதான்.

"தம்பி, உனக்கு ஒரு சாண்தான் வேணும்னா எனக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டான் வீரணன்.

சூசை யோசித்துத்தான் பதில் சொன்னான். "இடமில்லாம ஒரு இடத்துல கெடந்தா அது ஜெயிலு அண்ணாச்சி. இடமிருந்தும் ஒரு இடத்துலயே கெடந்தா அதுதான் வீடு."

வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே தவசியைக் கூப்பிட்டு, இதற்கு மேல் என்ன செய்யலாம் என்று கேட்டான். தவசி டேப்பைப் பிடித்துக் குகையைச் சுற்றிலும் அளந்தான்.

"தொட்டியில ஒரு குறையும் இல்லைணே. குகைதான் தொட்டியைச் சுத்தி வீணாக் கிடக்கு."

குகை வாசலில் கண்ணாடி வைத்து அடைத்தார்கள். யானைகள் தும்பிக்கையால் தண்ணீர் கொண்டுவந்து மேல்பொந்து வழியாக ஊற்றின. மூட்டை மூட்டையாக உப்பு கரைந்தது. தண்ணீர் அசையாமல், சூடாகாமல், நிதானமாக நின்றது. கருவி வாயே திறக்கவில்லை. வீரணன் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். பச்சைத் தண்ணீர் தெரிந்தது. சூசை தெரியவில்லை. அவ்வளவு பெரிய தொட்டியில் விரல் நீள மீனை எங்கே போய்த் தேடுவது?

காடே வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் மீன் அருமை என்றார்கள்.

ஒச்சம்மா மட்டும் கொக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தவசி தினமும் காலையில் வந்து மேல்பொந்து வழியாக உள்ளே தலையை நீட்டுவான். நீட்டுவது எதற்கென்று அவளுக்குத் தெரியும். மீனைக் கொழுக்கவைத்துத் தின்னத்தான். ஒருநாள் நிறைமாத வயிற்றோடு பாறைமேல் ஏறி, கையில் ஒரு விறகுக் கட்டையோடு பொந்துக்குப் பக்கத்தில் பதுங்கினாள். வீரணனும் பின்னாலேயே ஏறினான்.

தவசி அலகைத் தண்ணீருக்குள் விட்டான். ஒச்சம்மா கட்டையை ஓங்கினாள். அலகு வெளியே வந்தபோது அதில் இருந்தது அழுகிய ஒரு பாசி. அதை அந்தப் பக்கம் துப்பிவிட்டு, "காலையில சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டான் தவசி.

"ஆச்சு அண்ணாச்சி. நீங்க?" என்று சூசையின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பழகின பிறகு மீன் எறங்க மாட்டேங்குதுப்பா. கத்தாழைப் பழத்தை வச்சு ஓட்டுறேன்."

கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஒச்சம்மா அழ ஆரம்பித்தாள்.

"ஏன் அழுறே? நல்லவன்தானே அவன்?" என்றான் வீரணன்.

"அதுக்குத்தான்யா அழுறேன். திருட்டுப் பயலா இருந்திருந்தா மொத நாளே மீனைத் தின்னுட்டுப் போயிருப்பான். நமக்கு வீடு மிஞ்சியிருக்கும்."

தவசி சத்தம் கேட்டுத் திரும்பினான். கையில் டேப் இருந்தது. "அண்ணே, நல்ல வேளை நீங்களே வந்துட்டீங்க. பாவம், சூசை தனியா இருக்கான். ஒரு ஜோடி சேர்க்கணும். அண்ணி படுக்கிற பாறை வரைக்கும் இழுத்துக் கட்டினா…"

வீரணன் தலையை ஆட்டப் போனான். அதற்குள் ஒச்சம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

நேராக அவள் போனது பிச்சாண்டி என்கிற நரியிடம். காட்டிலேயே பெரிய புளுகன். வீடு பார்த்துக் கொடுக்கிற தொழில். அவன் அவர்களை ஒரு முள்ளம்பன்றி காலி செய்த வளைக்குக் கூட்டிப்போனான்.

"ஆறு கரடி காலை நீட்டிப் படுக்கலாம் தாயி. சன்னலைத் திறந்தா கடல் காத்து" என்றான் பிச்சாண்டி.

சன்னலே இல்லை. உள்ளே நுழைந்தால் வீரணனின் பின்பாதி வெளியே நின்றது.

"இவன் சொல்றதுல ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை" என்றான் வீரணன்.

"தெரியுதுய்யா" என்றாள் ஒச்சம்மா. அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு தெளிச்சி வந்திருந்தது. "இதையே எடுத்துக்குவோம்."

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீரணன் மூச்சை இழுத்துப் பிடித்துப் பின்பாதியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டான். மழை விடுவதற்குள் குட்டி பிறந்தது. படுக்க இடம் போதாமல் மூவரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அதனால் யாருக்கும் குளிரவில்லை.

நீதி: கெட்டவனிடம் யோசனை கேட்டால் மீன் போகும், நல்லவனிடம் கேட்டால் வீடே போகும். ஆகவே மீன் வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் பசியோடுதான் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.