நாக்கு சார் பார்த்த கண்

பெரிய காஞ்சிபுரத்தில் நாக்கு சார் பார்க்காத நாக்கு கிடையாது. பட்டுக்கடை முதலாளி நாக்கு, பஸ் கண்டக்டர் நாக்கு, கோயிலில் சீட்டு கிழிப்பவர் நாக்கு எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு தடவை கோயில் யானை ஆசீர்வாதம் செய்யத் தும்பிக்கையைத் தூக்கியபோது, தலையைக் குனிய வேண்டிய மனிதர் நிமிர்ந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ரத்தம் நல்லா ஓடுது" என்றார். அதன் பிறகு அவர் வருவது தெரிந்தாலே பாகன் யானையைத் திருப்பி நிறுத்திவிடுவான்.

அவர் எங்கள் பள்ளியின் பி.டி. வாத்தியார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு பிள்ளையின் உடம்பு, மனசு, வீட்டு நிலைமை எல்லாம் நாக்கில் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. வெளுத்திருந்தால் ரத்தம் போதாது. வறண்டிருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. நீலமாக இருந்தால் வாசலில் ஐஸ் வாங்கித் தின்றாயிற்று. தினமும் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். நாக்கை நீட்டாமல் ஒரு பிள்ளையும் உள்ளே போக முடியாது.

அந்தக் கேட்டின் வாட்ச்மேன் நான். ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வேட்டி நழுவுகிற மாதிரி இருக்கும். கேட் திறப்பதும் மணி அடிப்பதும் வாய் வேண்டாத வேலைகள் என்றுதான் இதில் சேர்ந்தேன். அவர் வந்த முதல் நாளே, "வாட்ச்மேன், உன்னுதையும் காட்டு" என்றார். காட்டினேன். "காலையில சாப்புடல. ஏன் சாப்புடல?" என்று கேட்டார். அன்று காலை வீட்டில் சண்டை. அதையும் நாக்கில் படித்துவிட்டாரோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன்.

சண்டை என் மகள் யாழினியைப் பற்றியது. எங்கள் பள்ளியில்தான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டமாட்டாள். போர்டில் இருப்பதில் பாதியைத்தான் நோட்டில் எழுதியிருப்பாள், அதுவும் தப்பாக இருக்கும். "கவனம் இல்லை" என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார வைத்துவிடலாம் என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். யாழினி படிக்கத்தான் ஆசைப்பட்டாள். அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் நிறுத்துவது என்று ஆகிவிட்டது.

சார் எங்கள் பள்ளியில் செய்தவற்றையெல்லாம் எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. ஒருநாள் மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். பள்ளி முழுவதும் அவரைப் பார்த்து நாக்கை நீட்டியது.

அதிகாரி வாயைத் திறந்தவர் மூடவில்லை. தலைமையாசிரியர் பூமி பிளக்காதா என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு சார் மட்டும் நிதானமாகக் கிட்டே போய், திறந்திருந்த அந்த வாய்க்குள் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் முருங்கைக்கீரை சேத்துக்கணும் சார்" என்றார்.

பத்து நாள் கழித்து அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைமையாசிரியர் சாமி கும்பிட்டுவிட்டுப் பிரித்தார். கீரையை வதக்குவதா வேகவைப்பதா என்று அதிகாரி கேட்டிருந்தார்.

அடுத்து தண்ணீர் மணி வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகவே காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று நான் தனியாக மணி அடிக்க வேண்டும். பையன்கள் குடித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஊற்றியும் கொண்டார்கள். பெண் பிள்ளைகளின் நாக்கு மட்டும் வறண்டே இருந்தது. சாருக்குத் தூக்கம் போயிற்று. காரணத்தை யாழினிதான் வீட்டில் சொன்னாள்: அவர்களுடைய கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. இதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். சாரிடம் சொன்னேன்.

சார் போய்க் கேட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்றார் தலைமையாசிரியர். மறுநாள் சார் ஒரு ஸ்க்ரூ டிரைவருடன் வந்தார். தலைமையாசிரியர் கழிப்பறையின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பெண் பிள்ளைகள் கழிப்பறையில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து தலைமையாசிரியர் உள்ளே போனால் ஆள் இருப்பது வெளியே தெரிவதற்காகச் சத்தமாகச் சாமி பாட்டு பாடினார். மூன்றாம் நாள் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார். நான்காம் நாள் பள்ளியின் எல்லாக் கதவுகளுக்கும் புதுத் தாழ்ப்பாள் வந்தது.

இப்படிப்பட்டவர் நாக்கை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வந்தது மூன்றாம் பருவத்தில். எங்கிருந்தோ கண் பார்க்கும் அட்டை ஒன்றை வாங்கி வந்தார். மேலே பெரிதாக ஒரு 'ட', அதற்குக் கீழே 'ப ர', அதற்கும் கீழே பொடியாகிக்கொண்டே போகும் எழுத்துகள். வராண்டாச் சுவரில் அதை மாட்டியது நான்தான். அங்கே ஒரு பழைய காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆணி இல்லாததால் அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.

முதல் நாள் பெரிய வகுப்புகள் முடிந்தன. மறுநாள் எட்டாவதும் ஏழாவதும் வந்தன. சார் அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்தபடி நோட்டில் குறிப்பார். ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. "ட, ப ர, க ம ய" என்று எல்லாரும் ஒரே ராகத்தில் கடைசி வரிவரைக்கும் ஓடினார்கள். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டு நெய்கிற ஊர்க் கண் என்றால் சும்மாவா என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஆறாம் வகுப்பின் முதல் பையன் வந்து நின்றான். முந்தின நாள் லீவு போட்டிருந்தவன். சுவரை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "சார், எழுத்து எதுவும் இல்ல. பிள்ளையார்தான் இருக்காரு" என்றான்.

சார் திரும்பிப் பார்த்தார். காற்றில் காலண்டர் பறந்து அட்டையை மூடியிருந்தது. இரண்டு வகுப்பும் காலையிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்தது பிள்ளையாரின் தொந்தியை.

விசாரணை நடந்தது. எட்டாவதும் ஏழாவதும் ஒரே விரலாக நீண்டு யாழினியைக் காட்டின. நான் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சார் அதட்டவில்லை. "அட்டையப் பாத்து மனப்பாடம் பண்ணியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அக்காங்க சொல்லிக்கினு இருந்தாங்க, கேட்டேன். பரீட்சைதானே சார், ஒப்பிக்கணும்னு நெனச்சேன். அதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்."

"எத்தினி வாட்டி கேட்ட?"

"ஒரு வாட்டிதான் சார்."

"கணக்குல எத்தினி மார்க்?"

"ஒம்போது சார்."

சார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாட்ச்மேன், சாயங்காலம் உன் வீட்டுக்கு வரேன்" என்றார்.

வந்தார். என் மனைவி தறியில் இருந்தாள். பழக்க தோஷம், "மொதல்ல நாக்க நீட்டுங்கமா" என்றார். அவள் ஊடு நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையை ஓங்கினாள். அந்தச் சோதனையை அவர் அதோடு விட்டுவிட்டார். யாழினியின் கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவர் தொடங்கியதும் என் மனைவி சிரித்தாள்.

"இவ கண்ணையா? அறுந்த இழைய நான் தேடிக்கினு இருக்கசொல்லவே இவ முடி போட்டுட்டு எழுந்து போயிடுவா. எங்க தெருவுல யாருக்கு இருக்குது இந்தக் கண்ணு?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தெருவில் கண் பரிசோதனை என்றால் அதுதான். முழ தூரத்தில் மயிர் இழையைப் பார்க்கிறவளுக்குப் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாமல் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சார் வாதாடவில்லை. ஒரு வெள்ளை அட்டையும் கொஞ்சம் மிச்ச நூலும் கேட்டார். விரல் கனத்துக்கு முறுக்கி மூன்று கோடாக ஒட்ட வேண்டும், தெருமுனையில் நின்று காட்ட வேண்டும் என்றார். சோதனை என்று வந்துவிட்டால் என் மனைவி யாரையும் நம்பமாட்டாள். அரக்கு நிறத்தில் அவளே நூல் எடுத்தாள், அவளே முறுக்கினாள், அவளே ஒட்டினாள். "நானே புடிக்கிறேன். நீங்க புடிச்சா கை ஆடும்" என்று அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அங்கே குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று, அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு, "கேளுங்க சார்" என்று குரல் கொடுத்தாள்.

"எத்தினி கோடு யாழினி?" என்றார் சார்.

யாழினி கண்ணைச் சுருக்கினாள். கழுத்தை நீட்டினாள். ஒப்பிக்க இதற்குப் பாட்டு இல்லை.

"சார், அதுல அம்மா எது?" என்றாள்.

தெரு சின்னது. அது தெருமுனை வரைக்கும் கேட்டது. என் மனைவியின் கையிலிருந்த அட்டை மெதுவாகக் கீழே இறங்கியது.

திரும்பி வந்து, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். கோபமாகத்தான் தொடங்கினாள், குரல் நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "எல்லாருக்கும் தூரத்துல இப்படித்தான்மா தெரியும்னு நெனச்சேன்" என்றாள் யாழினி.

காய்ச்சல் வந்தாலும் தறியை விட்டு எழுந்திருக்காதவள், மறுநாள் விடிந்ததும் எழுந்து மகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுவிட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயதில் கண்ணாடி போட்டால் யார் கட்டுவான் என்று குழாயடியில் ஒருத்தி கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது. அந்தப் பெண் இப்போது வேறு குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள்.

கண்ணாடி போட்டு யாழினி முதல் தடவையாகப் பள்ளிக்கு வந்த காலையில் சார் வழக்கம்போலக் கேட்டில் நின்றார். அவள் சாரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். அதுவரை அவர் அவளுக்கு ஒரு குரலும் நீல பனியனும்தான்.

"இன்னா பாக்குற?"

"இல்ல சார், நீங்க வேற மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எப்பிடி?"

"கொஞ்சம் அழகா."

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சார்தான். "இப்ப எப்பிடி இருக்கேன், சொல்லு" என்றார். யாழினி யோசித்து, "பரவால்ல சார்" என்றாள்.

முழுப் பரீட்சையில் அவள் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினாள். என் மனைவி மார்க் அட்டையைத் தறிக்கு மேலே செருகி வைத்தாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பாவாடை சட்டை தைக்கத் துணி எடுக்கப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். அன்று நான் சாரிடம் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். அவர் முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

சார் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். ஐயம்பேட்டையில் வீட்டோடு இருக்கிறார். காலையில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோ பள்ளி முனையில் நின்றால், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் இன்னமும் கேட்டைச் சாத்துகிறேன்.