தொட்டிக்கு வெளிநாட்டு யோகம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வறுவலக்காவின் கடை வாசலில் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. காப்பிக்கா இவ்வளவு கூட்டம் என்று வாயைப் பிளக்க வேண்டாம். காப்பிக்காக வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டுத் தங்கள் எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள். கோப்பையின் அடியில் தங்கும் மண்டியைப் பார்த்து மண்டி மகான் பலன் சொல்வார். அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி. யார் முகத்தையும் பார்க்கமாட்டார், யார் பெயரையும் கேட்கமாட்டார். அதுதான் அவருடைய மகிமையாம்.

வறுவலக்கா காப்பிக்கொட்டை வறுப்பதில் கெட்டிக்காரி. மூன்றே மூன்று தோட்டத்துக் கொட்டைகள்தான் வாங்குவாள். ஒன்றோடொன்று கலக்கமாட்டாள். மேட்டுத் தோட்டம் லேசாகப் புளித்துப் பழவாசனை அடிக்கும். ஆற்றோரத் தோட்டம் வெல்லப்பாகு போல இருக்கும். நிழல் தோட்டம் முதலில் கசந்து, பிறகு இனிக்கும். சனிக்கிழமைகளில் நீள மேசை போட்டு எல்லாருக்கும் ருசி பார்க்கக் கொடுப்பாள். கோப்பையில் பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் விட்டு, மேலே மிதப்பதைக் கரண்டியால் விலக்கிவிட்டு உறிஞ்ச வேண்டும். தோட்டத்தின் பெயர் கோப்பைக்கு அடியில் ஒட்டியிருக்கும். குடித்து முடிக்கும் வரை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது, அக்கா உட்பட.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் மேட்டுத் தோட்டத்துக்கு ஈடே இல்லை என்று அவள் ஊரெல்லாம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயரை மறைத்துக் குடித்த அன்று அதையே மூன்றாவது இடத்துக்குத் தள்ளினாள். அன்றிலிருந்து தன் நாக்கையே சோதிக்காமல் நம்புவதில்லை.

இப்படிப்பட்டவள் கடையில் மகான் எப்படி நுழைந்தார்? மூன்று மாதம் முன்பு ருசி பார்க்க வந்தவர், பக்கத்தில் இருந்த லாரி டிரைவரின் காலிக் கோப்பையை எட்டிப் பார்த்தார். "முதுகுவலி இருக்கு. வீட்டுல உங்களைப் புரிஞ்சுக்க ஆள் இல்ல" என்றார். டிரைவர் கண் கலங்கிவிட்டார். லாரி ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்கும் என்று சொல்ல ஞானதிருஷ்டி வேண்டியிருக்கிறது பாருங்கள். அடுத்த வாரம் டிரைவர் பத்துப் பேரோடு வந்தார். கல்யாணம் கூடிவர ஆற்றோரத் தோட்டம், நோய்க்கு மேட்டுத் தோட்டம், வெளிநாடு போக நிழல் தோட்டம் என்று மகான் பிரித்துக் கொடுத்தார். அக்காவுக்கு வறுத்து மாளவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டாள்.

நஷ்டம், மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் சொந்தத் தங்கையைத் தேடி வந்தது. அவள் கழுத்தில் ஒரு கட்டி. தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் எச்சரித்து, வருகிற புதன்கிழமைக்கு ஆபரேஷன் குறித்திருந்தார்.

"ஆபரேஷன் வேணாம்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடப் போறேன்க்கா" என்று வெள்ளிக்கிழமை வந்து நின்றாள்.

"ஏன்டி?"

"மகான் போன வாரம் பாத்துட்டாரு. உடம்புல கத்தி படக்கூடாதாம். மேட்டுத் தோட்டத்தை நாப்பது நாள் குடிச்சா கட்டி தானா கரைஞ்சிடுமாம்."

"நான் வறுக்கிற கொட்டைடி அது. கட்டியைக் கரைக்கும்னா எனக்குத் தெரியாதா?"

"உனக்கு வறுக்கத் தெரியும், அவருக்குப் பாக்கத் தெரியும். நான் வாயே திறக்கல. சுவத்தைப் பாத்துக்கிட்டே கழுத்துப் பக்கம் ஒரு உபத்திரவம்னு சொன்னாரேக்கா. அது எப்படி?"

மூன்று மாதமாகத் தான் மூடி வைத்திருந்த வாய், தங்கையின் கழுத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாக அக்காவுக்குத் தோன்றியது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு. அப்புறம் உன் இஷ்டம்" என்றாள்.

சனிக்கிழமை அவள் காப்பியைக் கவனிக்கவில்லை, ஆட்களைக் கவனித்தாள். மகானின் மனைவி வரிசையில் நின்று ஒவ்வொருவரிடமும் கன்னத்தைத் தொடாத குறையாகக் குசலம் விசாரித்தாள். குடித்து முடித்த கோப்பையைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய் மகான் முன்னால் வைத்தாள். கரண்டியை வெந்நீர் டம்ளரில் போடச் சொல்லி அக்கா பத்துத் தடவை சொல்லியும் அந்த அம்மாள் கேட்டதில்லை. ஒவ்வொரு கோப்பையின் சாஸரிலும் ஒரு கரண்டி. அதைப் பார்த்து இத்தனை நாள் எரிச்சல்பட்ட அக்கா, இன்றைக்கு உற்றுப் பார்த்தாள். கல்யாணம், குழந்தை என்று வந்தவர்களுக்குக் கரண்டி வலப்பக்கம். நோயாளிகளுக்கு இடப்பக்கம், கழுத்திலோ அதற்கு மேலோ என்றால் நுனி மேலே, காலில் என்றால் நுனி கீழே. வெளிநாட்டு ஆசைக்கு, கோப்பையின் குறுக்கே.

"போன வாரம் அந்த அம்மாகிட்ட பேசினியா?" என்று கடைக்கு வந்திருந்த தங்கையிடம் கேட்டாள்.

"கழுத்துல ஏன் துணி சுத்தியிருக்கேன்னு கேட்டாங்க. கொஞ்சம் தொந்தரவுன்னு பேச்சுவாக்குல சொன்னேன்."

அக்கா நேரே போய், "தட்டு கனமா இருக்கும்மா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். மகானிடம் போகும் பத்தடிக்குள் கரண்டிகள் இடம் மாறிவிட்டன.

முதல் கோப்பை முழங்கால் வலியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரருடையது.

"மூணு மாசத்துல வயித்துல ஒரு உயிர் தங்கும்" என்றார் மகான்.

"எனக்கா சாமி?" என்றார் தபால்காரர். "என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேக்கமாட்டா சாமி."

வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்தது, மாப்பிள்ளை எப்போது வருவான் என்று கேட்க வந்த பெண். அவளுக்கு மூட்டுத் தேய்மானம் என்றார்.

"இன்னிக்கு மண்டி கலங்கியிருக்கு" என்று மகான் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப தெளிவா மூணு கோப்பை தரேன் சாமி" என்று அக்கா பின்கட்டுக்குப் போய் அடியில் மண்டி தங்கிய மூன்று காலிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். மகான் குனிந்து பார்த்தார்.

"கரண்டி எங்க?" என்று வாய் தவறிக் கேட்டார்.

"மண்டி பாக்கிறவருக்குக் கரண்டி எதுக்கு?"

கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மகானுக்கு வேறு வழியில்லை. முதல் கோப்பைக்குத் தை பிறக்கும் முன் கல்யாணம் என்றார். இரண்டாவதற்கு உடம்பில் கத்தி படக்கூடாது, மேட்டுத் தோட்டம் நாற்பது நாள் குடிக்க வேண்டும் என்றார். மூன்றாவதற்கு வெளிநாட்டு யோகம்.

"மூணையும் குடிச்சது ஒரே ஆளு" என்றாள் அக்கா. "பின்னாடி பாத்திரம் கழுவுற தொட்டி. காப்பியை அதுலதான் ஊத்தினேன்."

அக்கா கூட்டத்தைப் பார்த்து, "இவர் புளுகுறாருன்னு மூணு மாசமா எனக்குத் தெரியும். கொட்டை வித்துதுன்னு சும்மா இருந்தேன். தப்பு என்னுதும்தான்" என்றாள்.

தங்கை இரண்டாவது கோப்பையை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கட்டின்னு அவரு சொல்லவே இல்லக்கா. உபத்திரவம்னுதான் சொன்னாரு. மிச்சத்தை நான்தான் சொன்னேன்" என்றாள் மெதுவாக.

மகானும் மனைவியும் பின்கட்டு வழியாக, அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் வெளியேறினார்கள். கூட்டம் கலையும்போது லாரி டிரைவர் மட்டும் அக்காவிடம் வந்து, "அப்ப தொட்டிக்கு வெளிநாட்டு யோகம்னு சொன்னது பொய்தானா?" என்று நம்பிக்கையை விடாமல் கேட்டார். அவருக்கு முதுகுவலி டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்துத் தங்கை கழுத்தில் பிளாஸ்திரியோடு கடைக்கு வந்து ஒரு கோப்பை குடித்தாள். எந்தத் தோட்டம் என்று அவள் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. குடித்து முடித்துக் கோப்பையை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி சொல்லுது மண்டி?"

தங்கை கரகரத்த குரலில் சொன்னாள்: "கப்பைக் கழுவச் சொல்லுதுக்கா. கையோட, இதை நம்பினவங்க மூளையையும் ஒரு தடவை கழுவிக்கச் சொல்லுது."