முகட்டிலிருந்து வேய்ந்த சாளை

ஆபத்து வரும் முன்பே தொழில் கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். பாதி கற்றுக்கொண்டு மீதியும் தெரியும் என்று நினைத்துக்கொள்வது அந்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து. இந்த இரண்டாவது வகையில் கோயமுத்தூர் ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. பிளேக் தலைகாட்டாத ஒரு நல்ல வருஷத்தில் என் மனைவி பாவாத்தாள் சொன்னாள்: "ஏனுங்க, மறுக்கா எலி விழுந்தா ஊட்டை உட்டுப்போட்டுக் காட்டுல சாளை போட்டுத்தான் இருக்கோணும். அப்ப ஆளு கெடைக்காதுங்க. இப்பவே கூரை வேலையக் கத்துக்குங்க." அவள் தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண்; சாளை என்கிற கீற்றுக் குடிசை வேய்வதெல்லாம் அவளுக்குப் பழக்கம். நான் துணி கிழிக்க மட்டும் தெரிந்தவன்.

தென்னங்கீற்று முடையக் கற்றுக்கொண்டேன். (விரலெல்லாம் ரணம். கடைக்கு வந்தவர்களிடம் அதையும் காட்டிப் பெருமைப்பட்டேன்.) வேயக் கற்றுத்தரப் பாவாத்தாள் கூப்பிட்டபோது, "முடையத் தெரிஞ்சவனுக்கு வேயத் தெரியாதா அம்மணி?" என்று காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

மறு வருஷம் அரிசி மண்டி வீதியில் எலி செத்து விழுந்தது. எங்கள் பெண் குழந்தைக்கு அப்போதுதான் தலை நின்றிருந்தது. ஊரே காட்டுக்கு ஓடியதில் கூலிக்கு ஒருவரும் சிக்கவில்லை. நான் முன்னால் போய்ச் சாளை போட்டேன். வெயில் முதலில் படுவது உச்சியில்தானே என்று முகட்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு கீற்றையும் முந்தைய கீற்றின் மேல் படியவிட்டுக் கீழே இறங்கினேன்.

வண்டியிலிருந்து இறங்கிய பாவாத்தாள், "ஐயோ, கீழிருந்துதானுங்களே மேல போகோணும்!" என்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என் கூரை ஒரு சொட்டும் வீணாக்காமல் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து சேர்த்தது. அடுப்பு, மாற்றுத்துணி, தொட்டில் எல்லாம் நனைந்தன. விடிந்தபோது குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல்.

பிளேக் காலத்தில் காய்ச்சல் என்றால் கேட்கவா வேண்டும்? பக்கத்துச் சாளைக்காரர் எட்ட நின்றே, "தப்பா நெனைச்சுக்காதீங்க, கொஞ்சம் தள்ளிப் போயிருங்க," என்றார். (மரியாதைக்குக் குறைவில்லை.) பாவாத்தாள் குழந்தையின் அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே ஏறி, கூரை முழுவதையும் பிரித்துத் திரும்ப வேய்ந்தாள். நான் கீழே நின்று கீற்று எடுத்துக் கொடுத்தேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கட்டி வரவில்லை. குழந்தை பிழைத்தது.

இன்றும் நான் எந்த வேலையைத் தொட்டாலும், "ஏனுங்க, மேலிருந்துங்களா, கீழிருந்துங்களா?" என்பாள் பாவாத்தாள். வீடே சிரிக்கும். என் மகள் மட்டும் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரிப்பாள். அந்தக் காய்ச்சல் போகும்போது அவள் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது.