சாக்கடை சொன்ன சாட்சி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நடந்த அடுத்த பெரிய காரியம், 1967-இல் பம்பாயில் எங்கள் சுகாதார இலாகா செய்ததுதான். நாங்கள் சாக்கடையையே கூப்பிட்டு விசாரித்தோம்.

முறை எளிது. துணிச் சுருள் ஒன்றை நூலில் கட்டிச் சாக்கடைக் குழாய்க்குள் மூன்று நாள் தொங்கவிட வேண்டும். இளம்பிள்ளை வாதக் கிருமி இருந்தால் துணியில் சிக்கிக்கொள்ளும். எந்த வட்டாரத்தில் அதிகம் சிக்குகிறதோ, அந்த வட்டாரக் குழந்தைகளுக்கு முதலில் சொட்டு மருந்து. முடிவைப் பதிவேட்டில் ஏற்றும் மகத்தான பொறுப்பு குமாஸ்தாவான என்னுடையது.

மாட்டுங்கா பங்களாத் தெருக்களில் கிருமி அமோக விளைச்சல். மருந்தும் உடனே போயிற்று. பக்கத்துக் குடிசைப் பகுதியான லேபர் கேம்ப்பிலோ 'பூஜ்யம்'. மேலதிகாரி பிரம்மநாயகம் பூரித்துப்போனார்.

மறுவாரமே கேம்ப்பிலிருந்து ராபியா வந்தாள். தோல் பட்டறைத் தொழிலாளியின் மனைவி. கையில் மூடி போட்ட டால்டா டின்.

"எங்க சந்துல ரெண்டு பிள்ளையளுக்குக் கால் விளங்காம போச்சு சார். என் மவ பேகத்துக்காவது மருந்து குடுங்க."

"உங்க சாக்கடையில கிருமியே இல்லையேம்மா," என்றார் பிரம்மநாயகம்.

"எங்க சந்துல சாக்கடையே இல்லியே சார்."

உண்மைதான். துணி தொங்கவிட இடமில்லாமல் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால் அழகில்லை என்று பூஜ்யம் போட்டது நான்.

ராபியா டின்னை மேஜைமேல் வைத்தாள். "சந்துல தேங்குன தண்ணி. உங்க துணிய இதுல முக்கிப் பாருங்க."

அவசரக் கூட்டம் கூடியது. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், குழாயில் ஓடினால்தான் அது 'கழிவுநீர்', டின்னில் இருந்தால் 'சரக்கு' என்று தீர்மானமாயிற்று. சரக்கு ஸ்டோர் பிரிவுக்குப் போனது. "டின் நல்ல நிலையில் உள்ளது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

"அப்ப ஒரு சாக்கடை கட்டிக் குடுங்க சார். நாங்களும் சீக்காளியதான்னு காட்டிருதோம்," என்றாள் ராபியா.

பிரம்மநாயகம் மனமிரங்கிச் சாக்கடை கட்டும் இலாகாவுக்குச் சிபாரிசு எழுதினார். நோயே இல்லாத வட்டாரத்துக்குச் சாக்கடை அவசரமில்லை என்று பதில் வந்தது. ஆதாரமாக எங்கள் பதிவேட்டையே காட்டியிருந்தார்கள்.

ஆண்டு இறுதியில் லேபர் கேம்ப்புக்கு 'நோயற்ற வட்டாரம்' என்ற நற்சான்றிதழ் கிடைத்தது. கொண்டுபோனவன் நான். ராபியா வாசலில் உட்கார்ந்து, பேகத்தின் வலது காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் துணி மாதிரித் தொங்கியது.

இப்போதும் யார் வேண்டுமானாலும் வந்து பதிவேட்டைப் பார்க்கலாம். என் முத்தான கையெழுத்தில் அந்தக் குழந்தை சௌக்கியமாக இருக்கிறாள்.