மச்சானின் பவுடரும் என் உச்சந்தலையும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே என் உச்சந்தலையைத் தவிர அனைவரும் நலம். அங்கே அக்காவின் நலமறிய ஆவல். உங்கள் நலத்தை நான் விசாரிப்பதாக இல்லை.

என் தலையில் ஆறாமல் கிடந்த புண்ணைத் தோல் புற்று என்று சொல்லி டாக்டரம்மா வேரோடு எடுத்தது உங்களுக்குத் தெரியும். குழியை மூட இரண்டு வழி சொன்னார். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டலாம். அதற்கு ஆஸ்பத்திரிக் கட்டில், தொடையில் இன்னொரு புண், என் சலூனையே விற்கிற அளவுக்குச் செலவு. இல்லையென்றால் ஒட்டாமலே விடலாம். "தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்க, வாசலினைத் தாராளமா அப்பி மூடி வைங்க. காய மட்டும் விடாதீங்க. கீழேயிருந்து தானா வளர்ந்து மூடிடும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்" என்றார். சலூன்காரன் வீட்டில் வாசலினுக்கா பஞ்சம்? சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன்.

நீங்களும் வந்து சேர்ந்தீர்கள். போட்டிருந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் மனைவியிடம், "வாசலின்ல ஆறுற புண்ணுக்கு எதுக்கும்மா டாக்டரு? காசில்லாத ஆளுன்னு கை கழுவிட்டாங்க. புண்ணுன்னா காயணும்மா" என்று ஓதிவிட்டு, சட்டைப் பையிலிருந்து புண்ணில் தூவுகிற ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தீர்கள். அதுவும் பாதி காலி. கொடுப்பதுதான் கொடுக்கிறீர்கள், புது டப்பாவாகக் கொடுக்கக் கூடாதா?

அன்றிலிருந்து நான் பூசுவதும் அவள் துடைப்பதுமாக வீடு இரண்டுபட்டது. நான் கண்ணயர்ந்தால் போதும், கட்டை அவிழ்த்து, ஃபேனை என் மண்டைக்கு நேராகத் திருப்பிவிட்டு, உங்கள் பவுடரைத் தூவுகிறாள். புண் வறண்டு வெடித்து அடியில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரம்மா பொருக்கை ஊற வைத்து எடுத்துவிட்டு, "எந்த மகராசன் குடுத்த பவுடர் இது? மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார். மகராசனின் முழு விவரத்தையும் சொல்லிவிட்டேன்.

சலூன் கதை இன்னும் மோசம். தலையில் கட்டோடு நான் கத்தியைத் தீட்டினால், "அண்ணே, உங்க தலையையே இப்படி வெட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கழுத்தில் கட்டிய துணியோடு ஆள் எழுந்து ஓடுகிறார். எதிர்க் கடைக்காரன் கொழிக்கிறான். இவ்வளவு ஏன், நீங்களே ஒரு வருடமாக என் நாற்காலியில் உட்காரவில்லை. மைத்துனன் கத்தி கசந்துவிட்டது போலும். நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே, என் தலை ஆறும்வரை நீங்கள் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது. என் மனைவியோடு போனில் பேசவும் கூடாது. உங்கள் பவுடரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் மரியாதை, மிச்சம் இருக்கிற அளவு.

இப்படிக்கு,
தலை திறந்து கிடக்கும் உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா போன் செய்து அழுதாள். தொப்பிக்குள் உங்களுக்கும் ஒரு வருடமாக ஆறாத புண்ணாமே? அதற்குத்தான் அந்தப் பவுடராமே? என் புண்ணும் இப்படித்தான் ஆறாமல் கிடந்தது மச்சான். கூப்பிட்டால் நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை என் மனைவியே நேரில் கொண்டு வருகிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, அவளோடு அடுத்த பஸ்ஸில் கிளம்புங்கள். பவுடரைக் குப்பையில் கொட்டியாயிற்று. டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு தலைக்கும் காணும்படி பெரிய டப்பா வாசலின் வாங்கி வைத்துவிட்டு, வாசலிலேயே நிற்கிறேன்.