தெரேச்சாவும் தெரேச்சோவும்

ஒரு மொழி அறவே தெரியாதவன் வழி கேட்பான். அரைகுறையாகத் தெரிந்தவன் வழி சொல்லுவான். எண்பதுகளின் நடுவில், சுவிஸின் ஃப்ரிபூர்க்கில், நான் இரண்டாவது ரகம்.

ஹோட்டலில் என்னோடு கோப்பை கழுவியவர்கள் எல்லோரும் ஸ்பானியர்கள். பிரெஞ்சு படிக்கவேண்டிய நான் ஸ்பானிஷ் படித்தேன். 'தெரேச்சா' என்றால் வலது, 'இஸ்கியெர்தா' என்றால் இடது. தட்டு அடுக்க இவ்வளவு போதும். (கலியாணக் கார் ஓட்டப் போதாது என்று ஒருவரும் சொல்லவில்லை.)

எங்கள் சமையற்காரன் பப்லோவுக்குக் கலியாணம். மணமகள் மரியாவையும் தாயையும் ஏற்றிவர வேண்டிய கார் அன்று காலை பழுதாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் முன்வந்தேன். என்னோடு அறையில் இருந்த செல்வம் அண்ணையின் காரை இரவல் கேட்டேன்.

"சேர்ச் எங்கையெண்டு தெரியுமோடா?"

"பொம்பிளை சொல்லுவா அண்ணை. ஸ்பானிஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

பின்சீட்டில் வெள்ளை உடுப்பும் பூச்செண்டுமாக மரியா. பக்கத்தில் செபமாலையோடு தாய். தேவாலயத்தில் இதற்கு அடுத்து இன்னொரு கலியாணம் இருந்தது. பிந்தினால் பாதிரியார் காத்திருக்க மாட்டார்.

முதல் சந்தியில் மரியா, "தெரேச்சோ" என்றாள்.

யாழ்ப்பாணத்தான் காதில் அது எப்படி விழும்? 'வலப்பக்கமோ?' என்று கேட்கிறாள்! எங்களுக்குச் சொல்லின் கடைசியில் 'ஓ' போட்டால் கேள்விதானே. பாவம், அவளுக்கே வழி சந்தேகம்போல என்று இரங்கி, "சீ, சீ, தெரேச்சா!" என்று தைரியம் சொல்லித் திருப்பினேன். (ஸ்பானிஷில் 'சீ' என்றால் 'ஓம்'.)

அடுத்த சந்தி. "தெரேச்சோ!" குரல் உயர்ந்தது. பதற்றப்படுகிறாளே என்று இன்னும் வேகமாக வலப்பக்கம் திருப்பினேன். இப்படியே திரும்பித் திரும்பி, புறப்பட்ட வீட்டு வாசலுக்கே வந்துவிட்டோம். வழியனுப்பிய அயலவர்கள் மறுபடியும் கை காட்டினார்கள். இரண்டாம் சுற்றில் ஒருவரும் கை காட்டவில்லை. ஒரு மனுசி மட்டும் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "ஏதும் மறந்துபோனீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

மரியா கத்தினாள். நிறுத்தச் சொல்லிக் கத்துவது எந்த மொழியிலும் விளங்கும். அவள் சலவைக்கடை வான் ஓட்டுபவள். உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி, என்னை வெளியே இழுத்து, பூச்செண்டை என் கையில் திணித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பின்சீட்டில், தாய்க்குப் பக்கத்தில் ஒடுங்கினேன். சந்திக்குச் சந்தி கையை நேராக நீட்டி, "தெரேச்சோ! தெரேச்சோ!" என்று எனக்குப் பாடம் நடத்தியபடியே ஓட்டினாள். அப்போதுதான் விளங்கியது: அது கேள்வியே இல்லை. 'நேரே போ' என்ற கட்டளை.

தேவாலய வாசலில் படம் பிடிப்பவர் ஆயத்தமாக நின்றார். பின்கதவு திறந்ததும் கிளிக். இறங்கியது நான், மார்போடு அணைத்த வெள்ளை ரோசாப் பூச்செண்டுடன். பப்லோவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கினார், கலியாணம் நடந்தது. அவர்களுடைய ஆல்பத்தில் முதல் படம் இன்றும் அதுதான்.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கலியாணம். என் மனைவி மணவறைக்கு வந்து பக்கத்தில் அமர்ந்ததும், முன்வரிசையில் இருந்த பப்லோ எழும்பினான். அதற்கென்றே செல்வம் அண்ணையிடம் பாடமாக்கி வந்த தமிழில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்:

"இதிலை ஆர் பொம்பிளை?"

வீட்டில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினால் போதும், மனைவி இன்றைக்கும் அதையேதான் கேட்கிறாள்.