எல்லைக்கல்லுக்கு வைத்த சுண்ணாம்பு

"சுண்ணாம்பு கண்ணுல எப்படி விழுந்துச்சு, ஐயா?"

பாண்டிச்சேரி கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் தேவதர்ஷினி ராமசாமியை இப்படிக் கேட்டார். எட்டு மாதமாக அவர் பயந்து கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். இரண்டு கண்ணும் போனதுகூடப் பழகிவிட்டது. போன விதம்தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"மோட்டார் கொட்டாய்க்கு வெள்ளையடிக்கப் போனேங்க."

"அது தகரக் கொட்டாய் ஆச்சே" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி அம்சவள்ளி.

"மரத்துக்கு! மரத்துக்கு அடிக்கலாம்னு போனேன். கரையான் ஏறுது."

"விடியக்காலம் அஞ்சரை மணிக்கா?"

"கரையான் இன்னா மணி பாத்துக்கினா ஏறுது? நீ சும்மா இரு."

டாக்டர் எழுதிக்கொண்டார். "விழுந்ததும் தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?"

"உடனே கழுவிட்டேங்க."

"இல்லைங்க ஐயா. உடனே கழுவியிருந்தா இப்படி வெந்திருக்காது. கால் மணி நேரமாவது சுண்ணாம்பு உள்ளேயே இருந்திருக்கு. அந்த நேரத்துல என்ன பண்ணீங்க?"

சொல்லக்கூடிய காரியமா அது?

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் ராமசாமிக்கும் தம்பி தனசேகரனுக்கும் அப்பா விட்டுப்போன கரும்பு நிலம் இருக்கிறது. நடுவில் ஒரு எல்லைக்கல். கிணற்று மேட்டிலிருந்து அந்தக் கல்லுக்கு நூல் பிடித்தால் அதுதான் வரப்பு. சர்வேயர் அளந்த அன்றே தனக்கு இரண்டடி குறைத்துவிட்டார்கள் என்று ராமசாமி முடிவு கட்டிவிட்டார். அன்று நின்ற பேச்சு, ஒன்பது வருஷம் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வந்தால்கூட மாலையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார்கள்.

கரும்பு வெட்டி முடிந்து நிலம் சும்மா கிடந்த ஒரு விடியற்காலையில், அந்த இரண்டடியைத் தாமே எடுத்துக்கொள்வது என்று ராமசாமி கடப்பாரையுடன் கிளம்பினார். கல்லைப் பிடுங்கியாயிற்று. கடப்பாரை பட்ட தழும்பு கல்லில் பளிச்சென்று தெரிந்தது. மறைக்க வேண்டாமா? அதற்கென்றே கொண்டுபோயிருந்த கல் சுண்ணாம்பைப் பெயிண்ட் டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியவர் சும்மா இருந்திருக்கலாம். கரைந்துவிட்டதா என்று குனிந்து எட்டிப் பார்த்தார். கொதித்த சுண்ணாம்பு அப்படியே முகத்தில் அடித்தது.

கத்த முடியவில்லை. கத்தினால் ஊர் வரும். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குதித்தார். இருபதடி தூரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் ஆறு மணிக்கு மோட்டார் கரண்டு வந்துவிடும், தம்பி வந்துவிடுவான். பிடுங்கிய கல் பிடுங்கிய இடத்தில் கிடந்தால் மானம் போய்விடும். ஆகவே ராமசாமி முதலில் பழைய குழியைக் காலால் தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து தம்பி பக்கம் இதுதான் என்று திரும்பி மூணு சாண் கையாலேயே அளந்தார். கண்ணில் நெருப்பு எரிய எரிய, தடவித் தடவிப் பள்ளம் பறித்துக் கல்லை நட்டு மண்ணை மிதித்து, பழைய குழியையும் மூடினார். அதற்குப் பிறகுதான் கத்தினார்.

ஓடி வந்தது தனசேகரன்தான். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான். அவன் காலடிச் சத்தம் கல் பக்கம் போய் நின்றது. கல்லைத்தான் பார்க்கிறான் என்று ராமசாமிக்குத் தெரிந்தது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் அண்ணனைத் தன் டிவிஎஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"ஐயா, உங்களைத்தான்" என்றார் டாக்டர். "நீங்க கரும்பு போடறவர். சொன்னாப் புரியும். கருவிழியும் வெள்ளையும் சேருற ஓரத்துல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. கருவிழி மேல இருக்கற தோல் தேயத் தேயப் புதுசா வளர்த்துக் குடுக்கறது அதுதான். உங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் அது வெந்து போச்சு. வேற ஒருத்தர் கண்ணு ஓரத்துலேருந்து துளியூண்டு எடுத்து, பொடிப்பொடியா நறுக்கி, உங்க கண்ணு மேல ஒரு சவ்வை விரிச்சு அதுல நட்டு வெச்சா, தானாப் பரவி வளரும்."

"கரும்பை வெட்டிக் கரணை நடற மாதிரி" என்றார் ராமசாமி.

"அதேதான்."

"கரணை எங்க வாங்கறதுங்க?"

"கடையில கிடைக்காது. ரத்த சொந்தமா இருந்தா நல்லது. குடுக்கறவங்க பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு தம்பி இருக்காரு" என்றாள் அம்சவள்ளி.

"இல்ல" என்றார் ராமசாமி.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

முதலில் சென்னையில் இருக்கும் மகன் சரத்குமாருக்குப் போன் போட்டார்கள். "அப்பா, எனக்குக் கண்ணுதாம்பா சோறு. பன்னெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் பாக்கறேன்" என்றான். பிறகு, "வேற இன்னா வேணும்னாலும் கேளுப்பா" என்று பாசமாகவும் சொன்னான். ராமசாமிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது பகல் முழுக்கவும் இருட்டுதான். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் எது சோறு, எது குழம்பு என்று விரல்தான் சொல்ல வேண்டும். இப்படியே செத்துவிடுவோமோ என்ற பயம் அன்றுதான் அவருக்கு நிஜமாக வந்தது.

டாக்டரிடம் சொன்ன பொய்யாவது நிற்கட்டும் என்று, ஊருக்கு வந்ததும் வேலையாள் பாவாடையைக் கூப்பிட்டு நிலத்து மரங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொன்னார். சாயங்காலம் பாவாடை வந்து நின்றான்.

"வேம்பு, புங்கன் எல்லாத்துக்கும் இடுப்பு ஒசரம் அடிச்சுட்டேங்கண்ணா. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. எல்லைக்கல்லுக்கும் ரெண்டு கை போட்டேன். ரோட்டுலேருந்து பாத்தாலே பளிச்சுனு தெரியுது!"

"கல்லுக்கு உன்னை யாருடா அடிக்கச் சொன்னது?"

"எடம் மாறின கல்லு, நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்."

"எடம் மாறிச்சுன்னு யாரு சொன்னது?"

"ஊருக்கே தெரியுமேண்ணா. நீங்களே வாயத் தொறக்கல, நாம எதுக்குப் பேசணும்னு எல்லாரும் கம்முனு கீறாங்க."

பாவாடை போன பிறகு ராமசாமி மனைவியைக் கூப்பிட்டார். "உனக்கும் தெரியுமா?"

"எட்டு மாசமாத் தெரியும். ரெண்டடி மண்ணுக்காக ரெண்டு கண்ணையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்க. என்னாண்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா வுட்டிருப்பனா?" அவள் குரல் உடைந்தது. "போவட்டும். நான் உங்க தம்பி வூட்டுக்குப் போயிட்டு வரேன்."

"போவாத. அவன் காறித் துப்புவான்."

அம்சவள்ளி செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அரை மணி நேரத்தில் திரும்பினாள்.

"கேட்டு முடிக்கவே இல்ல. எப்ப வரணும்னு கேட்டாரு."

ராமசாமி இரண்டு நாள் யோசித்தார். நிலத்தைத் திருடியவனுக்கு எவனாவது கண்ணைக் கொடுப்பானா? கடைசியில் விஷயம் பிடிபட்டது. "புரிஞ்சு போச்சுடி. கண்ணு தெரியாதவன் மேல கேஸ் போட்டா ஜட்ஜ் பாவம் பாப்பாரு. கண்ணக் குடுத்து, கோர்ட்டுல நிக்க வெச்சு, 'இதுதான நீ புடுங்கின கல்லு'ன்னு என்னையே அடையாளம் காட்ட வெக்கப் போறான்."

"உங்களுக்குக் கண்ணு மட்டுமா போச்சு?" என்றாள் அம்சவள்ளி.

ஆஸ்பத்திரியில் அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒன்பது வருஷப் பழக்கம் சட்டென்று விடுமா? இருவரும் நர்ஸ் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"சிஸ்டர், ஃபேனக் கம்மி பண்ணணுமான்னு அவரைக் கேளுங்க" என்றான் தனசேகரன்.

"எனக்கு ஒண்ணும் ஜாஸ்தியில்லன்னு சொல்லுங்க சிஸ்டர்."

நர்ஸ் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தபால்காரியாக நின்று பார்த்தாள். பிறகு நன்றி சொல்லச் சொல்லி ராமசாமியை அவளே வற்புறுத்தினாள். அவர் முனகியதை அந்தப் பக்கம் சொன்னாள். அங்கிருந்து பதில் வந்தது.

"அண்ணன் அன்னிக்குச் செஞ்ச காரியத்துக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லச் சொல்றாரு."

ராமசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. பிரஷர் நூற்றித் தொண்ணூறுக்கு ஏறி, ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப் போயிற்று. பயம் எதற்கு, வலிக்கவே வலிக்காது என்று எல்லோரும் அவருக்குத் தைரியம் சொன்னார்கள். கத்திக்குப் பயப்படுகிறவனுக்குத்தான் அந்தத் தைரியமெல்லாம் உதவும். இவருக்குப் பயம் தம்பியிடம்.

மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. தனசேகரன் வலது கண்ணின் ஓரத்தை ஒரு நகத்தளவு சீவி எடுத்து, நறுக்கி, அண்ணனின் வலது கண்ணில் நட்டார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. ஒரு வேளை தவறினாலும் நட்டதெல்லாம் பட்டுப்போகும் என்று டாக்டர் மிரட்டினார். ராமசாமி ஒரு வேளையும் தவறவில்லை. முதல் மாதம் பால் மாதிரி ஒரு வெளிச்சம். அடுத்து ஜன்னல் தெரிந்தது. அடுத்து, ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு உருவம்.

"யாரு அது?"

"நான்தாண்ணா" என்றான் தனசேகரன். ஒன்பது வருஷம் கழித்து நேராக வந்த முதல் வார்த்தை. "இன்னொரு கண்ணுக்கும் ஆறு மாசத்துல பண்ணலாமாம். டாக்டராண்ட சொல்லிட்டேன். அதுக்கும் என்னோடதையே எடுத்துக்கட்டும்."

அவன் வலது கண் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. அதைப் பார்க்கும் அளவுக்கு அவனே கொடுத்த பார்வை ராமசாமிக்கு இருந்தது. அவர் அழுதுவிட்டார். நட்டது கரைந்துவிடுமோ என்று பயந்து அழுகையை நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. இப்படிப்பட்டவனுடைய மண்ணையா திருடினோம் என்று நெஞ்சை அறுத்தது.

மறு வாரம் விடியற்காலையில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது அத்தனையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் அந்தக் கல் அங்கே நிற்கும்வரை தூக்கம் வராது. இன்னொரு கண்ணையும் அவனிடம் கூசாமல் வாங்கிக்கொள்ள வேண்டுமானால், முதலில் அவன் மண் அவனிடம் போய்ச் சேர வேண்டும்.

பனி இறங்கியிருந்தது. மேற்கே கல்வராயன் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். ஒரு பக்கம் தம்பியின் கரும்பு கறுப்பாக நின்றது. இந்தப் பக்கம் போன வருஷத்திலிருந்து தரிசாகக் கிடக்கும் தம் நிலம். நடுவில் பாவாடையின் புண்ணியத்தில் கல் வெள்ளையாகத் தெரிந்தது. பிடுங்கினார். அங்கிருந்து தம் நிலத்துப் பக்கமாக மூணு சாண் அளந்தார். இந்தத் தடவை நிதானமாக, இரண்டு முறை அளந்தார். பள்ளம் பறித்து, கல்லை நட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தார். மூச்சு வாங்கியது. கண் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மனசு என்னவோ ஒன்பது வருஷத்தில் இல்லாதபடி லேசாகிவிட்டது.

தம்பியின் கரும்பில் காய்ந்த சோகை உரிக்க வந்த பாவாடை வரப்பில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா பாவாடை?" என்று ராமசாமி கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தார். "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இனிமே என் தம்பிக்கு நான் ஒரு அடி பாக்கி இல்ல."

பாவாடை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு கரும்பைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், அவரையும் பார்த்தான்.

"இன்னாங்கண்ணா நீங்க! அன்னிக்கு உங்க நெலத்துல ரெண்டடிய வுட்டுக் குடுத்து கல்ல நட்டீங்களே, அதுக்கே தம்பி கண்ணக் குடுத்தாரு. இப்ப இன்னும் ரெண்டடிய வுட்டுட்டீங்க, பாவம், இதுக்கு அந்த மனுசன் இன்னாத்தக் குடுப்பாரு?"